மணி அடித்தால் மட்டும்

செனாய், மலேசியா
4 பிப்ரவரி 2024

தீபன் அண்ணே,

கொஞ்ச நாளாக நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம்தான் வருகிறது. அதனால் மின்னஞ்சல் எழுதுகிறேன். சிகாமட்டில் கட்டும் நம் வீட்டின் வயரிங் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். இதற்காவது பதில் போடுங்கள்.

செங்கல் வேலை முடிந்துவிட்டது. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பியதும் சுவர் பூசத் தொடங்குவேன் என்கிறார் காண்ட்ராக்டர் கனகராஜ் அங்கிள். கரண்டு வயர் அவருடைய ஆட்களின் வேலை. நெட்வொர்க் கேபிள், ஒலிபெருக்கி, வாசல் மணி, கேமரா, சென்சார் போன்ற குறைந்த மின்னழுத்த வயர்களை எல்லாம் நான் திட்டமிட வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவை போகும் குழாய்கள் பூச்சுக்கு முன்னால் சுவருக்குள் போய்விட வேண்டும். பிறகு மனம் மாறினால் சுவரை வெட்ட வேண்டியதுதான். வீடுகளுக்குத் தானியங்கி வசதி செய்யும் எங்கள் ஆபீஸில் வீடு கட்டுகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்.

'நான் வாசல்ல நின்னு ஓய்னு ஒரு சத்தம் போட்டா வூடே எழுந்து நிக்கணும்' என்றீர்களே, அதன்படி ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு மைக் போட்டிருக்கிறேன். விளக்கு, காற்றாடி, திரைச்சீலை எல்லாம் பேச்சுக்குக் கட்டுப்படும். சிங்கப்பூரில் கட்டுமான ஆட்களைக் காலையில் வரிசையாக நிறுத்தி, நாலு மொழியில் அதட்டிப் பாதுகாப்பு விதி சொல்கிறவருக்கு ஒரு வீட்டை அதட்டுவது பெரிய காரியமில்லை. எனக்குத்தான் கஷ்டம். சோதனைக்காக நான் பேசினால் ஆபீஸ் கருவி 'மறுபடி சொல்லுங்கள்' என்கிறது. அதற்கும் என் குரல் கேட்பதில்லை.

சுவிட்சுகளை சிகாமட் வழக்கப்படி உயரத்தில் வைத்திருக்கிறேன். போன வெள்ளத்தில் நம் வாடகை வீட்டின் ஜன்னல்வரை தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

தைப்பூசத்துக்கும் நீங்கள் வரவில்லை. அம்மா ஏன் என்று கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

லோஷினி


சிங்கப்பூர்
9 பிப்ரவரி 2024

பாப்பா,

போன் மைக் கெட்டுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். புதுசு வாங்க நேரமில்லை.

வரைபடம் பார்த்தேன். அறையில் கூட இருப்பவனிடம் என் தங்கச்சி போட்டது என்று காட்டினேன். 'என்னடா இது, எம்ஆர்டி ரயில் மேப்பா?' என்றான். பொறாமை.

சில மாற்றங்கள். கூரையில் மைக் வேண்டாம். வீடு ஒட்டுக்கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொத்தான் வை, பெரிய பொத்தானாக, லேசாகத் தொட்டாலே போதும் என்பது போல. சுவிட்சுகளைக் கீழே இறக்கு. உட்கார்ந்தபடி எட்ட வேண்டும். அம்மாவுக்கு வயசாகிறது இல்லையா. மாடியில் இருக்கும் என் அறையை எடுத்துவிட்டுக் கீழே ஒன்று போடு, சமையலறைக்குப் பின்னால் ஸ்டோர் என்று குறித்திருக்கிறாயே, அது போதும். கதவு அகலமாக இருக்கட்டும். சாமான் நகர்த்த வசதி.

அம்மா கேட்டால் ஓவர்டைம் என்று சொல்.

தீபன்


செனாய்
18 பிப்ரவரி 2024

அண்ணே,

நேற்று சிகாமட் போய்ச் சுவரில் சாக்பீஸால் சுவிட்சின் புது இடங்களைக் குறித்தேன். கனகராஜ் அங்கிள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என்னா தங்கச்சி, சுவிட்சு இவ்ளோ கீழ? வெள்ளம் வந்தா மீனு வந்து லைட்டு போடுமா?"

அவருடைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நான் என்ன சொல்வது? அம்மாவுக்கு வயசாகிறது என்றா? அன்று காலைதான் அம்மா ஸ்டூலில் ஏறிக் காற்றாடி துடைத்தார்.

நான் பேசாதவள். அதனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் கறி சாப்பிட்டீர்கள், கஞ்சி குடித்தீர்கள். தண்ணீர் குடித்தால் மட்டும் எழுந்து பின்பக்கம் போய் இருமினீர்கள். கனகராஜ் என்று பெயர் சொல்லாமல் 'அந்த மனுசன்' என்றே சொன்னீர்கள். என்னை லோஷினி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பாப்பா, பாப்பா என்றீர்கள். பிரியம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை என் போனை எடுத்தீர்கள். நான் ஹலோ, ஹலோ என்றேன். நீங்கள் பேசவில்லை. ஆனால் மூச்சு கேட்டது, பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. மைக் கெட்டிருந்தால் அதெல்லாம் கேட்காது அண்ணே. நான் செய்வது இந்த வேலைதான்.

பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "அலமாக், யாரு சொன்னா நிப்பாட்டச் சொல்லி? தீபனா?" என்றார் கனகராஜ் அங்கிள். "நான்தான் அங்கிள்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி லா என்று போனார். நீங்கள் என்னவென்று சொல்லும்வரை அந்தச் சுவர்கள் அப்படியேதான் இருக்கும்.

லோஷினி


சிங்கப்பூர்
23 பிப்ரவரி 2024

பாப்பா,

இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நரம்பில் நோய். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், விளக்கு நன்றாக இருக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது, நடுவில் ஓடும் வயர் ஒவ்வொன்றாகப் போகிறது. எனக்கு முதலில் போனது நாக்குக்குப் போகும் வயர். போன வருஷம் நடுவில் காலைக் கூட்டத்தில் பேசும்போது ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் போதையில் வந்திருக்கிறார் என்று மேலே சொல்லிவிட்டார்கள். ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஊதினேன். ஒன்றுமில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

இப்போது வலது கையும் தொடங்கிவிட்டது. கால் இன்னும் பரவாயில்லை. மருந்து மெதுவாக்குமாம், நிறுத்தாதாம். எவ்வளவு காலம் என்று கேட்காதே, டாக்டரிடம் நானும் கேட்கவில்லை. கம்பெனி என்னை ஆபீசுக்குள் உட்காரவைத்திருக்கிறது. ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது.

சுவிட்சைக் கீழே வைக்கச் சொன்னது ஏதோ ஒரு நாள் ஆசையில். அதை மறந்துவிடு. நான் அந்த வீட்டுக்கு வரப்போவதில்லை. ஜொகூர் பாருவில் என் மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, விசாரித்துவிட்டேன். வீடு அம்மாவுக்கும் உனக்கும்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, கேண்டீனில் தட்டு கழுவி நம்மை ஆளாக்கிய மனுஷி இனிமேல் எனக்கு வாய் துடைத்துவிட வேண்டாம். அதை நான் பார்க்க மாட்டேன்.

அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் உனக்கு நான் எழுதமாட்டேன்.

சுவரைப் பூசச் சொல்.

தீபன்


செனாய்
10 மார்ச் 2024

அண்ணே,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். நான் சொல்ல வேண்டும் என்று போகவில்லை. ஒன்றாம் தேதி வெள்ளிக்கிழமை போனபோது அம்மா சாப்பிடாமல் இருந்தார். ஏன் என்றால் விரதம் என்றார். தைப்பூசம் முடிந்து இப்போது என்ன விரதம் என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"தீபாவளிக்கு வந்தானே, பேச்சே சரியில்ல பாப்பா. கொழகொழன்னு பேசுறான். ஒங்கப்பா கடைசில இப்டிதான் பேசுனாரு. இவனும் குடிக்க ஆரம்பிச்சிட்டான். மாரியம்மன்கிட்ட வேண்டிகிட்டு இருக்கேன், அவன் குடிய வுடுற வரைக்கும் செவ்வா வெள்ளி பச்சத்தண்ணிகூட தொடமாட்டேன்னு."

தைப்பூசத்துக்கு நீங்கள் வராததையும் கேட்காமல் இருந்தது அதனால்தான். குடித்துவிட்டு வந்து நிற்காமல் இருந்தீர்களே என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்.

"அண்ணன் குடிக்கலம்மா" என்றேன்.

அம்மா எப்படி மூச்சு விட்டார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "குடிக்கலியா? நெசமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் தப்பு இல்லாத மகனுக்காக அவர் பட்டினி கிடந்துகொண்டே இருப்பார். நான் சொன்னேன்.

அம்மா அழவில்லை. மிச்சத் துணியை மடித்து முடித்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "அங்க அவனுக்கு யாரு கஞ்சி வைக்கிறா?"

வரைபடத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறேன். ஸ்டோர் வேண்டாம். முன்பக்கம், மாமரம் தெரிகிற அறைதான் உங்களுடையது. சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குக் கதவு. கட்டில் அருகிலும் குளியலறையிலும் அழைப்புப் பொத்தான்கள், இருபத்து நாலு வோல்ட், ஈரக் கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. விளக்கு, காற்றாடி, திரை எல்லாம் ஒரே பலகையில். எல்லா வயரும் வந்து சேரும் பெட்டியை மட்டும் மாடியில் வைத்துவிட்டேன், வெள்ளத்துக்காக. தாழ்வான சுவிட்சுகள் அனைத்தும் குறைந்த மின்னழுத்தம்தான். தண்ணீர் வந்தாலும் ஆளை அடிக்காது. கனகராஜ் அங்கிளின் மீனுக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்று. தீபாவளி கலை இரவுகளில் நீங்கள் அறிவிப்பாளராக இருந்தபோது எடுத்த வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன. அதிலிருந்து உங்கள் குரலை எடுத்து, நீங்கள் தட்டச்சு செய்வதை அந்தக் குரலிலேயே வீட்டு ஒலிபெருக்கியில் பேசவைக்க முடியும். செய்யவா?

வாருங்கள்.

லோஷினி


செனாய்
21 ஏப்ரல் 2024

அண்ணே,

எழுதமாட்டேன் என்று சொன்னபடி எழுதாமல் இருக்கிறீர்கள். சுவர் பூசியாகிவிட்டது. குழாய்கள் எல்லாம் உங்களுக்காக உள்ளே போய்விட்டன. இனி நீங்கள் வராவிட்டாலும் அவை அங்கேதான் இருக்கும்.

அம்மா தினமும் பஸ் ஏறி நம் வீடு கட்டும் வேலையைப் பார்க்கப் போகிறார். உங்கள் அறையில்தான் உட்காருகிறாராம்.

லோஷினி


சிங்கப்பூர்
2 ஜூன் 2024

லோஷினி,

பெயரை எழுத முடிகிறது பார், சொல்லத்தான் முடியவில்லை.

உன்மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

போன வாரம் அம்மா இங்கே வந்தார். உனக்குத் தெரிந்திருக்காது. சிகாமட்டிலிருந்து தனியாக ரயில் ஏறி, எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று, யார் யாரிடமோ முகவரி காட்டி வந்துவிட்டார். நான் அறையில் இல்லை. சாயங்காலம் திரும்பினால் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் பெஞ்சில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். "கஞ்சி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்தப் பேச்சைக் கேட்டுவிடுவாரே என்று.

வருகிறேன். ஆகஸ்டு கடைசியில். ஆனால் ஒரு நிபந்தனை. நீயும் அம்மாவும் சத்தியம் செய்ய வேண்டும். நான் மணி அடித்தால் மட்டும் என் அறைக்குள் வர வேண்டும். மற்றபடி கதவு சாத்தியிருக்கும். வீடு செய்ய முடிந்ததை வீடே செய்யட்டும். உணவு சிந்தினாலும் இருமினாலும் அது என் பாடு. பொத்தானை அழுத்த ஒரு விரல் இருக்கும்வரை இதுதான் விதி.

குரல் வேண்டாம். பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது சுவருக்குள்ளிருந்து நான் பேசினால் அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்தக் குரல் அந்த வீடியோக்களிலேயே இருக்கட்டும். பட்டாசு, பாட்டு, எல்லாம் அதோடு இருக்கிறது.

தீபன்


செனாய்
18 ஆகஸ்ட் 2024

அண்ணே,

வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை, நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று.

எல்லாம் பொருத்திச் சோதித்துவிட்டேன். நடைவழியில் ஜன்னல் இல்லாததால் பகலிலும் இருட்டு. ஆள் அசைந்தால் எரிந்து, அசைவில்லாவிட்டால் அணைகிற விளக்கு அங்கே வைத்திருக்கிறேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு குழாயும் விட்டிருக்கிறேன், உள்ளே வயர் இல்லாமல். எதற்கென்று கனகராஜ் அங்கிள் கேட்டார். பின்னால் தேவைப்படலாம் என்றேன். விரலுக்குப் பதில் கன்னத்தால் அழுத்தும் பொத்தான்கள் இருக்கின்றன. கண் அசைவைப் பார்த்து வேலை செய்பவையும் இருக்கின்றன. அதை இப்போதே எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சுவரை மறுபடி வெட்டும் நாளில் நீங்கள் அந்த அறையில் படுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் பயிற்சியும் கொடுத்தாயிற்று. அவர் சமையலறையில் நின்று "அடி பாப்பா!" என்று கத்துவார். நான் உங்கள் அறையில் பொத்தானை அழுத்துவேன். கரண்டியோடு ஓடிவந்து நிற்பார். "இப்ப எப்டி? லேட்டா?" என்பார். மறுபடி போவார். மறுபடி "அடி பாப்பா!" எனக்குக் கை ஓய்ந்துபோனது. மணி அடித்தால் மட்டும்தான் வர வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார். சத்தியமும் செய்தார்.

சனிக்கிழமை நான் காரோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்பேன்.

லோஷினி


செனாய்
12 ஜனவரி 2025

அண்ணே,

நேற்றுதான் பார்த்துவிட்டு வந்தேன், அதற்குள் கடிதம் என்று நினைப்பீர்கள். அங்கே சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டுவிடுவார் என்று சொல்லவில்லை.

வீட்டில் எந்த விளக்கு எரிகிறது, எது அணைகிறது என்பது என் போனில் தெரியும். போன மாதம் முழுக்க நடைவழி விளக்கு மதிய நேரங்களில் அணைவதும் உடனே எரிவதுமாக இருந்தது. மணி எதுவும் அடிக்கவில்லை. நீங்களும் அறையை விட்டு வரவில்லை. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அதனால்தான் நேற்றுப் புதுசு ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

பின்கதவு வழியாக வந்தேன். அம்மா உங்கள் அறைக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு காலை எடுத்து மற்றக் காலின்மேல் வைத்திருந்தார், வலிக்கும்போது செய்வாரே, அப்படி. விளக்கு அணைந்தது. கொசு விரட்டுவது போலக் கையை ஒரு தடவை ஆட்டினார். எரிந்தது. மறுபடி அசையாமல் நின்றார்.

"என்னம்மா பண்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

உதட்டில் விரல் வைத்தார். "இன்னும் மணி அடிக்கல."

"அடிச்சா சமையக்கட்டுல கேக்கும்மா. போய்ப் படுங்க."

"அங்கேருந்து ஓடியாறதுக்குள்ள, சரி வேணாம்னு வுட்டுட்டான்னா?" என்றார். பிறகு, "இருமுறான் பாப்பா. உள்ள போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். வெளிய நிக்கக்கூடாதுன்னு சொல்லலயே."

நான் சென்சாரை மாற்றவில்லை. திரும்பச் செனாய்க்கே கொண்டுவந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் தவிர நீங்கள் மணி அடிப்பதே இல்லை என்பதும் என் போனில் தெரிகிறது அண்ணே. அம்மாவுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்றுதான் நான் அந்த வீட்டை அப்படித் திட்டமிட்டேன். கூப்பிடாமலே விளக்கு எரிகிறது, திரை விலகுகிறது, காற்றாடி சுற்றுகிறது. அம்மாவுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டோம். எந்த வயரை எங்கே மாற்றினால் இது சரியாகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே காரோட்டினேன்.

விதியை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அது உங்கள் அறை, உங்கள் உடம்பு. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே என்றுதான் எழுதினேன்.

லோஷினி


சிகாமட்
15 ஜனவரி 2025

பாப்பா,

இடது கை விரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. சுருக்கமாக இருக்கும்.

இன்று மதியம் மணி அடித்தேன். கதவு உடனே திறந்தது. என்னய்யா வேணும் என்றார் அம்மா. எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கட்டில் ஓரத்தைக் கண்ணால் காட்டினேன். உட்கார்ந்தார். அவருடைய காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளக் கண்ணாலேயே சொன்னேன், அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் வாயைத் துடைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இப்போதும் தூங்குகிறார்.

அடுத்த முறை வரும்போது மணிச் சத்தத்தைக் குறைத்துவிடு. அவர் நிற்கிற இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

தீபன்